ஆறாயிரம் கிட்னி பார்த்தவள்

கோடு போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று நாத்தனார் கேட்காத நாள் கிடையாது. கேட்டுக் கேட்டு அதுவே தம்பி பெண்டாட்டிக்குப் பெயராகிவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அது சான்றிதழ்களில் மட்டும் மிஞ்சியது. வீட்டில் கோட்டழகி, கீழே குடும்பத்துப் பேக்கரியில் கோட்டழகி, பன் வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன, இன்னிக்குக் கோட்டழகியைக் காணோம்?" என்றுதான் விசாரிப்பார்கள்.

அதில் பொய்யும் இல்லை. அவள் பார்த்தது கோடு போடும் வேலைதான். பெரிய ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், படி இறங்கிப் போனால் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை. ஜன்னல்களுக்குக் கனத்த திரை. எட்டு கம்ப்யூட்டர், எட்டுப் பெண்கள். ஸ்கேன் மெஷினுக்குள் ஒரு ஆளைப் படுக்கவைத்து எடுத்த படம், ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வந்து நிற்கும். ஒவ்வொரு துண்டிலும் ஈரல் எதுவரை, மண்ணீரல் எதுவரை என்று விளிம்பைப் பிடித்துக் கோடு போட்டு, உள்ளே கலர் நிரப்ப வேண்டும். நோய் இல்லாத உடம்பு எப்படியெல்லாம் இருக்கும் என்று ஆயிரக்கணக்கில் பார்த்து வைத்தால்தானே, நோய் வந்த உடம்பு எங்கே மாறியிருக்கிறது என்று தெரியும்? டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் இந்தப் படங்களை வைத்துத்தான் படித்தார்கள், உறுப்பைத் தானே கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரும் படித்தது.

கோட்டழகிக்கு ஒதுக்கியது கிட்னி. நாலு வருடமாகக் கிட்னி, கிட்னி, கிட்னி. குண்டுக் கிட்னி, ஒல்லிக் கிட்னி, முதுகில் திமில் வைத்த கிட்னி, ஈரல் இடித்துக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்ட கிட்னி. ஆறாயிரம் பார்த்தாயிற்று. கடைக்கு வருகிறவர்களின் முகம் அவளுக்கு மறந்துபோகும், கிட்னி மறக்காது.

நாத்தனாருக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்பா விட்டுப்போன அடுப்பைக் கட்டிக்கொண்டவள். மாவு பிசைவது, உருட்டுவது, தகரத்தில் எண்ணெய் தடவுவது, அடுப்புச் சூட்டை உள்ளங்கையை நீட்டியே அளப்பது எல்லாம் அவள்தான். தம்பிக்கு மூட்டை தூக்குவதும் தட்டு இழுப்பதும்தான் உத்தியோகம். அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. மனசு அதைவிட ஜாஸ்தி என்று தம்பி சொல்வான், ஆனால் அவள் காதில் விழாத தூரத்தில்.

அப்பேர்ப்பட்டவளுக்கு மூன்று மாதமாக அடிவயிற்றில் வலி. பிசைகிற மேஜையில் சாய்ந்தால் வலிக்கும், நிமிர்ந்தால் விட்டுவிடும். ஒரு நாள் அழுத்திப் பார்த்தபோது தொப்புளுக்குக் கீழே கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. ஸ்கேன் சென்டருக்குப் போனாள். கட்டி என்றார்கள். ஒன்பது சென்டிமீட்டர். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் டாக்டர் அடிவயிற்றுக்கு மட்டும் பெரிய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசி போட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அவள் சொன்னதால் மருந்து ஏற்றாமல் எடுத்தார்கள். அதிலும் கட்டிதான்.

"எடுத்துடலாம். எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை காலை என்று நாள் குறித்தாயிற்று.

வீடே இடிந்துபோய்விட்டது. நாத்தனார் மட்டும் அசரவில்லை. அழுவதற்குப் பதில் தம்பியைப் பிடித்து அடுப்பு வேலை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"டேய், மாவு உன்கூடப் பேசும்டா. கையில ஒட்டுதுன்னா இன்னும் ஆகலைன்னு அர்த்தம். எத்தனை தடவை சொல்றது?"

"எனக்குக் கேக்கலையேக்கா."

"காதுல மாவை அடைச்சு வெச்சிருந்தா எப்படிக் கேக்கும்?"

கோட்டழகி அந்தப் பெரிய ஸ்கேனின் சி.டி.யை ஒரு தடவை கேட்டுப் பார்த்திருந்தாள். "என் வயித்துக்குள்ள நீ எதுக்குடி எட்டிப் பாக்குற? உங்க ஆபீஸ்ல வயிறு பத்தலையா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள் நாத்தனார். அதற்கு மேல் கோட்டழகி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். விடாத மழை. கடையில் ஈ காக்கை இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த புருஷன், சி.டி.யை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

"பாக்குறதுன்னா பாத்துட்டுக் குடு. அக்கா கீழ இருக்கா."

ஆபீசில் பயன்படுத்தும் அதே மென்பொருளை வீட்டு லேப்டாப்பிலும் பழகுவதற்காக ஏற்றி வைத்திருந்தாள். படத்தைத் திறந்தாள். மேலிருந்து ஒவ்வொரு துண்டாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். இடுப்பெலும்பு, குடல், கர்ப்பப்பை. அப்புறம் அந்தக் கட்டி.

கை நின்றது. முன்பின் தெரியாத ஊரில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. வழவழப்பான விளிம்பு, நடுவில் கறுப்பாகக் கொழுப்பு, அதற்குள் ரத்தக் குழாய்கள் போகும் வாசல். வாசல் பக்கவாட்டில் பார்க்காமல் முன்னால் திரும்பியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏங்க, இங்க வாங்களேன்."

"என்ன?"

"இது கட்டி இல்லங்க. இது கிட்னி."

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டை எடுத்து விரலை வைத்துப் படித்தான். "இரண்டு சிறுநீரகங்களும் இயல்பான இடத்தில், இயல்பான அளவில் உள்ளன."

"ரெண்டும் மேல நல்லாத்தான இருக்கு? மூணாவதா ஒண்ணு எங்கேருந்து வரும்? உனக்குக் கண்ணை மூடினாலும் கிட்னிதான் தெரியுது."

அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. நாலு வருடமாகத் தச்சுவேலை பார்க்கிறவனுக்கு மரத்தைப் பார்த்தாலே நாற்காலி தெரியுமில்லையா? லேப்டாப்பை மூடிவிட்டாள். ஐந்து நிமிடம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசு கேட்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தாள். கோடு போட்டாள்.

தொண்ணூற்றாறு துண்டு. ஒவ்வொன்றிலும் விளிம்பைப் பிடித்து, வளைத்து, கலர் நிரப்பி அடுத்ததற்குப் போனாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கடைசித் துண்டை முடித்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழு உருவமாகத் திருப்பினாள். கறுப்புத் திரையில் அது மெதுவாகச் சுற்றியது. கொஞ்சம் தட்டையாக, கொஞ்சம் கோணலாக, ஆனால் சந்தேகமே இல்லாத கிட்னி.

அப்படியானால் ரிப்போர்ட்டில் இருந்த வரி?

அந்த வரியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ரிப்போர்ட் எழுதும் பக்கத்தைத் திறந்தாலே எல்லா உறுப்பும் இயல்பு, இயல்பு என்று தானாக வந்து நிற்கும். மாறியிருப்பதை மட்டும் அழித்து எழுத வேண்டும். அவசரத்தில் அழிக்காமல் விட்டால், பார்க்காத உறுப்பும் பார்த்ததாக ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், படத்துக்குக் குறிப்பு எழுதும்போது அவளே அந்தத் தப்பைச் செய்திருக்கிறாள். ஒரு கிட்னியை எடுத்துவிட்ட ஆளுக்கு "இரண்டும் இயல்பு" என்று விட்டு, அறையின் தலைமை டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்த டாக்டரம்மாவுக்கு இப்போது போன் போட்டாள். ஊருக்குப் போயிருந்தார், எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டாள்.

கீழே இறங்கிப் போனாள். நாத்தனார் ரொட்டித் தகரங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மூலை விடாமல் விரலால் சுற்றித் தடவி, கவிழ்த்து அடுக்கினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கை வேலை செய்யுது, காது சும்மாதான இருக்கு."

"முதல்ல ஸ்கேன் சென்டருக்குப் போனீங்கல்ல? வயித்துல வழவழன்னு ஒண்ணைத் தடவுவாங்களே. எங்கெல்லாம் தடவினாங்க?"

"இதென்னடி கேள்வி? வலிக்கிற இடத்துல தடவினாங்க. இதோ, தொப்புளுக்குக் கீழ."

"மேல? விலா எலும்புக்கிட்ட? பக்கவாட்டுல?"

"இல்ல."

"ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாங்களா? மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல. வெளியில இருபது பேரு உக்காந்திருக்காங்க. படுத்தேன், தடவினாங்க, கட்டின்னாங்க, எந்திரின்னாங்க. சட்டையைக்கூட மேல தூக்கலயே."

கோட்டழகி பக்கத்தில் இருந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப உங்க கிட்னியை யாருமே பாக்கல அண்ணி. பாத்த மாதிரி எழுதியிருக்காங்க."

சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். நாத்தனார் தகரத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். முகம் சிவந்தது.

"இத பாருடி. ஒரு வாரமா நான் மனசைக் கல்லாக்கி வெச்சிருக்கேன். ராத்திரி படுத்தா இது கெட்ட கட்டியா நல்ல கட்டியான்னு எண்ணிக்கிட்டே கெடக்கேன். நாளன்னிக்கு வெட்டி எறிஞ்சிட்டா நிம்மதின்னு இருக்கேன். இப்ப வந்து அது கட்டியே இல்லங்குற. நீ என்ன டாக்டரா?"

"இல்ல அண்ணி."

"உன் பேச்சைக் கேட்டு ஆபரேஷனை நிறுத்தி, அது நெசமாவே கட்டியா இருந்து, நான் போய்ச் சேந்துட்டா?"

அந்தப் பயம்தான் கோட்டழகியையும் பிடுங்கித் தின்றது. கண் கலங்கிவிட்டது.

"நிறுத்த வேணாம் அண்ணி. நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போறப்ப நானும் வரேன். மேல ஒரு தடவை தடவிப் பாக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்குறேன். ரெண்டு கிட்னியும் மேல இருந்துச்சுன்னா, இந்த ஜென்மத்துல உங்க முன்னாடி வாயைத் திறக்க மாட்டேன்."

"அது ஒண்ணுக்காகவே கூட்டிட்டுப் போகலாம் போலிருக்கே" என்றாள் நாத்தனார். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. அடுத்த தகரத்தை எடுத்தவள், தடவிய இடத்தையே மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர்தான். கைராசிக்காரர் என்று பெயர். ஆனால் நேரம் என்பது அவரிடம் சுத்தமாகக் கிடையாது. ரத்தப் பரிசோதனைக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "எல்லாம் ஓகே. சாயங்காலம் அட்மிட் ஆயிடுங்க" என்றார்.

கோட்டழகி எழுந்து நின்றாள். "சார், அது கிட்னியா இருக்கலாம்னு தோணுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க?"

"இவங்க தம்பி சம்சாரம்."

"டாக்டரா?"

"இல்ல சார். கோடு போடுறவ."

"என்னது?"

புருஷன் தரையைப் பார்த்தான். அவள் லேப்டாப்பைத் திறந்து திருப்பி வைத்தாள். டாக்டர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "ஏம்மா, ரிப்போர்ட்ல ரெண்டு கிட்னியும் நார்மல்னு தெளிவா இருக்கு. கோடு போட்டா எதை வேணா எப்படி வேணா காட்டலாம். வெளியில எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?"

"சார், அந்த வரி தானா வர்ற வரி. அழிக்கலன்னா அப்படியே நின்னுடும்..."

"இங்க பாருங்க..."

டமார் என்று மேஜையில் ஒரு அடி. அடித்தது நாத்தனார். மாவைப் பதம் பார்த்துப் பதம் பார்த்து உரமேறிய கை. பேனா ஸ்டாண்டு துள்ளி விழுந்தது.

"சார், அவ சொல்றது எனக்கும் பாதி புரியல. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். எனக்கு மேல யாரும் தடவல. படுத்திருந்தது நான்தான், எனக்குத் தெரியாதா? பாக்காததைப் பாத்ததா எழுதியிருக்கு. வெட்டப்போறது என் வயிறு. தடவிப் பாத்துட்டு வெட்டுங்க. ரெண்டு நிமிஷம் ஆகுமா?"

டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, சுற்றிக்கொண்டிருந்த உருவத்தை முதல் தடவையாகப் பார்த்தார். எழுந்தார்.

"பக்கத்து ரூமுக்கு வாங்க."

நாத்தனாரைப் படுக்கவைத்து, அவரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வலது விலாவுக்குக் கீழே தடவினார். "மூச்சை இழுத்துப் பிடிங்க." திரையில் ஈரல் வந்தது. அதற்குக் கீழே, அவள் பார்த்தவர்களுக்கெல்லாம் கிட்னி உட்கார்ந்திருந்த இடத்தில், குடல் நெளிந்தது.

"வலது பக்கம் இல்ல" என்றார் டாக்டர். குரல் மாறிவிட்டிருந்தது. "நீங்க சொன்னது சரிதான் போலிருக்கும்மா. வலது கிட்னிதான் கருவுலயே மேல ஏறாம கீழ தங்கிடுச்சு."

கோட்டழகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. புருஷன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"இடது பக்கம் மேல இருக்கிற மாதிரி ஒருக்களிச்சுப் படுங்க. எதுக்கும் அதையும் பாத்துடலாம்."

மண்ணீரல் வந்தது. கீழே குடல். டாக்டர் கருவியை நகர்த்தினார். முதுகுப் பக்கம் கொண்டுபோனார். எடுத்துத் துடைத்தார். இன்னொரு முறை தடவிப் பார்த்தார். கோட்டழகி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"சார்," என்றாள் மெதுவாக, "இந்தப் பக்கமும் இல்ல."

"இல்ல" என்றார் அவர். "ரெண்டு பக்கமும் காலி."

கடைசியாக அடிவயிற்றில் வைத்தார். அங்கே அது இருந்தது. ரத்தம் உள்ளே போவதும் வருவதும் சிவப்பும் நீலமுமாகத் திரையில் துடித்தது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"அம்மா, உங்களுக்குப் பிறவியிலேயே ஒரே ஒரு கிட்னிதான். அது இங்க இடுப்புக்குள்ள இருக்கு. நல்லா வேலை செய்யுது. இத்தனை வருஷமா உங்களைக் காப்பாத்துனது அதுதான்."

நாத்தனார் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "நாளைக்கு அதைத்தான் எடுக்க இருந்தீங்களா?"

"வயித்தைத் திறந்ததும் கண்டுபிடிச்சிருப்பேன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்த ரிப்போர்ட்டை நம்பி எடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எடுத்திருந்தா, வாழ்க்கை பூரா மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கணும்." மறைக்காமல் சொன்னார். பிறகு கோட்டழகியின் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் எத்தனை கிட்னி பாத்திருப்பீங்க?"

"ஆறாயிரம் சார்."

"நான் அதுல பாதி பாத்திருந்தா பெரிசு" என்றார் டாக்டர். எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கை கூப்பினார். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வாசலுக்கு வந்ததும் நாத்தனார் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா செத்தபோதுகூட அழாதவள், தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். தம்பிக்குத்தான் ஒவ்வொருவரிடமும், "நல்ல விஷயம்ங்க, நல்ல விஷயம்" என்று சொல்லி மாளவில்லை.

முழு வயிற்றுக்கும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். வலிக்கும் காரணம் தெரிந்தது. பிசைகிற மேஜையின் விளிம்பு இத்தனை வருடமாக அந்த ஒற்றைக் கிட்னியில்தான் இடித்து இடித்து, இப்போதுதான் அது வலிக்க ஆரம்பித்திருந்தது. தம்பி அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு மேஜையின் காலை உயர்த்தி, விளிம்பை இழைத்து உருட்டினான். பத்து நாளில் வலி போன இடம் தெரியவில்லை. ஸ்கேன் சென்டருக்கு நாத்தனார் நேரிலேயே போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அங்கே போகிறவர்களுக்கு எல்லாம் விலாவரை தடவுகிறார்களாம்.

பேக்கரியில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

"ஆறாயிரம் பாத்திருக்கா என் தம்பி சம்சாரம். டாக்டரே எந்திரிச்சுக் கும்பிட்டாரு" என்று திங்கட்கிழமை சொன்னது, வியாழக்கிழமை பதினாறாயிரம் ஆயிற்று. கும்பிட்ட டாக்டரும் மூன்று பேர் ஆனார்கள்.

"அண்ணி, இவ்வளவு பொய் வேணாமே" என்றாள் கோட்டழகி.

"நீ சும்மா இருடி. என் கிட்னி, என் இஷ்டம்."

ஊரிலிருந்து திரும்பிய டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்தப் படத்தைத் தங்கள் தொகுப்பில் சேர்க்கலாமா, பெயர் விவரம் எதுவும் இருக்காது என்று கேட்டனுப்பினார். நாத்தனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கோடு போடும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுப்பு வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கூடை பன்னோடு கீழ்த்தள அறைக்குப் படி இறங்கி வந்தாள். எட்டுப் பெண்களும் எழுந்து நின்றார்கள். டாக்டரம்மா நாற்காலி போட்டார்.

"இதை எதுல சேப்பீங்க? நோய் வந்ததுலயா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"எதுக்கு? நோயே இல்லையே. உங்களுக்கு இதுதான் நார்மல். இப்படியும் ஒரு நல்ல உடம்பு இருக்கும்னு வர்றவங்க எல்லாம் இதைப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்."

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவு பெருமையை அவள் முகத்தில் யாரும் பார்த்ததில்லை. கோட்டழகி முதல் துண்டைத் திறந்து, கலரைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டர் பேனாவை விளிம்பில் வைத்தாள். பழகிய கை, விறுவிறுவென்று பாதி சுற்றி வந்துவிட்டது.

நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள். மாவு வாசனை அடித்தது. பேனா பிடித்த கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"மெதுவாப் போடுடி கண்ணு. ஒண்ணுதான் இருக்கு."